யார் கைக்குப் போகிறது? வணிக எழுத்தில் வடிவமும் பெறுநரும்



வணிகவியல் பாடத்தில் கடிதங்களை வகை பிரித்துக் கற்பிக்கிறோம். விசாரணைக் கடிதம், விலைப்புள்ளி, ஆணைக் கடிதம், புகார்க் கடிதம், வசூல் கடிதம், சுற்றறிக்கை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றிலும் தேதி எந்த மூலையில், பொருள் என்ற வரி எங்கே, ‘தங்கள் உண்மையுள்ள’ எங்கே என்று இடம் குறித்துக் கொடுக்கிறோம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் போய்ச் சேரும் வீட்டில் யார் இருப்பார், எந்த வேலைக்கு நடுவில் அதைப் பிரிப்பார், பிரித்தவுடன் கண் எதைத் தேடும் என்கிற கேள்வி மட்டும் வினாத்தாளில் வருவதே இல்லை. இடப்பக்கம் ‘பெறுநர்’ என்று எழுதி மூன்று வரி முகவரி போட்டதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது.

எழுத்து வடிவம் எதுவும் வெறுமனே பிறப்பதில்லை. யாரோ ஒருவரை மனத்தில் வைத்துத்தான் பிறக்கிறது. துண்டறிக்கை, சட்ட அறிவிப்பு, ஆண்டறிக்கை, குறுஞ்செய்தி, எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு பெறுநர் நாம் பேனாவைத் தொடுவதற்கு முன்பே குடியேறிவிட்டார். வடிவத்தைத் தேர்ந்த கணத்திலேயே ஆளையும் தேர்ந்துவிடுகிறோம். பல நேரம் அவர் முகவரியில் இருப்பவராக இருப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். இதற்கு நன்றாக ஆராய்ந்து பார்த்த சான்று ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறையில் பணியாற்றி 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு அவர் செய்த அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவர் சந்தித்த இன்னொரு சிக்கலைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. மருத்துவரும் மருந்தும் தயார், அறுவைச் சிகிச்சைக்குக் காசு வேண்டாம், முகாம் பக்கத்து ஊரிலேயே நடக்கிறது. அப்படியும் புரை விழுந்து பார்வை போனவர்களில் பெரும்பாலோர் வரவில்லை.

கண் முகாம் துண்டறிக்கையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேலே நடத்தும் சங்கத்தின் முத்திரை. அதன் கீழே ‘மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம்’ என்று தடித்த எழுத்து. பிறகு தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை. பெயர்களுக்கு முன்னும் பின்னும் பட்டங்கள். நாள், நேரம், பள்ளிக்கூடத்தின் பெயர். கடைசியில் ‘அனைவரும் வருக, பயன் பெறுக’. இதை அச்சிடுபவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அச்சிடுகிறார்கள். ஆனால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். கண் தெரியாத ஒருவரை அழைப்பதற்குக் கண்ணால் படிக்க வேண்டிய தாளை அச்சடிக்கிறோம். அவருக்கு எழுத்தே தெரியாமலும் இருக்கலாம். அப்படியானால் அந்தத் தாள் யாருக்கு? நன்கொடை கொடுத்தவருக்கு, மேடையில் அமரப் போகிறவருக்கு, சங்கத்தின் மாவட்ட ஆளுநருக்கு. அவர்கள் முதலில் பார்ப்பது தங்கள் பெயர் எந்த வரியில் வந்திருக்கிறது என்பதைத்தான். விழா அழைப்பிதழின் வடிவத்தை எடுத்து மருத்துவச் செய்திக்குப் போர்த்தியதால் விழாவுக்கு உரியவர்களே அதன் பெறுநர்களாகிவிட்டார்கள். கண் போன கிழவி அந்தத் தாளில் ‘அனைவரும்’ என்ற ஒரு சொல்லுக்குள் நின்றுகொண்டிருக்கிறாள்.

இந்த இடத்தில் அரவிந்தைச் சேர்ந்தவர்கள் செய்த காரியம் என் மதிப்பில் மிகப் பெரியது. வராதவர்களைத் தேடிப் போனார்கள். வந்தவர்களிடம் கருத்துக் கேட்பது எளிது. எந்த நிறுவனமும் செய்யும். வராதவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கத் தனி மனம் வேண்டும். டாக்டர் வெங்கடசாமியும் கிரிஜா பிரில்லியன்டும் சேர்ந்து தென்னிந்தியக் கிராமங்களில் புரை அறுவைச் சிகிச்சைக்கு இருக்கும் சமூக, பொருளாதாரத் தடைகளைப் பற்றி 1981-லேயே எழுதினார்கள். 1999-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நம் மனத்தை உறுத்த வேண்டிய ஒரு கணக்கைத் தந்தது. முகாம்கள் நடந்த கிராமங்களில் கண் கோளாறு இருந்தவர்களில் 100-க்கு 7 பேர் அளவில்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள்.

மற்றவர்கள் ஏன் வரவில்லை? அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட காரணங்கள் இவை: பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, வயதாகிவிட்டது என்ற எண்ணம், விதி என்ற மனநிலை, ‘இருக்கிற பார்வையை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்’ என்ற பதில். இலவசம் என்று அறிவித்த பிறகு செலவு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். சாப்பாட்டுக்கு வேண்டும். கண் தெரியாதவர் தனியாக வர முடியாது. கூட வரும் மகனோ மருமகளோ கூலி வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த நாட்களின் கூலி போயிற்று. ஆட்டை யார் பார்ப்பது, பேரப்பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? அறுத்த பிறகு இருக்கிற பார்வையும் போய்விட்டால்? ‘இனிமே பாத்து என்ன ஆகப்போகுது’ என்று அந்தக் கிழவி சொன்னால், அது அவளுடைய சொல்லாகவும் இருக்கலாம், வீட்டார் அவள் காதுபட அடிக்கடி சொன்ன சொல்லாகவும் இருக்கலாம். துண்டறிக்கையில் இருந்த ‘இலவசம்’ மருத்துவமனையின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்த சொல். அந்த வீட்டின் கணக்கில் அது இலவசமாகவே இல்லை.

இத்தோடு அவர்கள் நிற்கவில்லை. எந்த வழியில் சொன்னால் போய்ச் சேரும் என்பதைச் சோதித்தே பார்த்தார்கள். கிரிஜா பிரில்லியன்ட், அரவிந்தின் ஆர். டி. துளசிராஜ் முதலானோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு அது. தென்னிந்தியாவில் 90 கிராமங்கள், 19,000-க்கும் மேற்பட்ட மக்கள். செய்தியைச் சொல்லும் முறைகளையும் செலவை ஏற்கும் அளவுகளையும் பிணைத்து எட்டு வகையாகப் பிரித்து, எந்தக் கிராமத்துக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். மற்றவற்றைவிடச் சற்றே முன்னால் நின்றவை இரண்டு. ஒன்று, செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. மற்றொன்று, ஏற்கெனவே புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியது.

அந்தக் காலத்தில் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைப்பது இங்கே பரவலாகவில்லை. புரையை எடுத்துவிட்டுத் தடிமனான கண்ணாடி கொடுப்பார்கள். நாம் சோடாபுட்டிக் கண்ணாடி என்போமே, அதுதான். அதை மாட்டிக்கொண்டு ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆளில்லாமல் நடந்து வந்திருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். வலித்ததா, எத்தனை நாள் படுத்தீர்கள், என்ன சாப்பாடு போட்டார்கள், கண்ணைக் கட்டியிருந்தபோது பயமாக இருந்ததா என்று எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. சுவரொட்டியிடமும் ஒலிபெருக்கியிடமும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. இவரிடம் கேட்கலாம். மருமகளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். முடிவெடுப்பதில் அவளுக்கும் பங்கு உண்டு; அவளுடைய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. வணிகத் தகவல்தொடர்பில் இதையும் ஒரு வடிவம் என்றே நான் கணக்கில் எடுக்கிறேன். தாள் இல்லை, மை இல்லை. ஆனால் பெறுநரை முழுதாக அறிந்த வடிவம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வழிகளும் மற்றவற்றைவிடச் சற்றேதான் மேலாக இருந்தன. அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. பெண்களைவிட ஆண்களே கூடுதலாகச் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. சரியான வடிவத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகும் பெண்களை அது அதே அளவுக்கு எட்டவில்லை என்றால், பெறுநரை அறியும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். கிராமத்தில் ஒரு கிழவருக்குப் பார்வை வந்தால் காட்டு வேலையில் ஒரு கை கூடும் என்று வீடு நினைக்கிறது. கிழவிக்குப் பார்வை இல்லாமலேயே அடுப்படி நடந்துகொண்டிருக்கிறது என்றும் நினைக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் நம் வீடுகளை நாம் அறிவோம்.

பின்னால் அரவிந்தின் முகாம் முறை இந்தப் பாடங்களை உள்வாங்கிக்கொண்டது. முகாமில் பரிசோதித்து, சிகிச்சை வேண்டியவர்களை அன்றைக்கே மருத்துவமனைப் பேருந்தில் மதுரைக்கு அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, அறுவைச் சிகிச்சை செய்து, ஊரில் கொண்டுபோய் விடுவது வழக்கமானது. நோயாளியோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வந்தார்கள். மருத்துவர் சொன்னதை அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்வதும், பயத்தைப் பேசித் தீர்ப்பதும் தனி வேலையாகவே ஆயிற்று.

இதே மருத்துவமனை வேறு அவைகளிலும் பேச வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993-இல் அரவிந்தைப் பற்றி ஓர் ஆய்வுப் பாடம் எழுதினார். உலகம் முழுவதும் நிர்வாக மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். நிர்வாகம் அறிந்தவர்களிடம் பேசும்போது டாக்டர் வெங்கடசாமி மெக்டொனால்ட்ஸ் கடைகளை எடுத்துக்காட்டாகச் சொல்வார். எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே முறை, குறைந்த விலை, பெரிய எண்ணிக்கை. பார்வையையும் அப்படிக் கொடுக்க முடியாதா என்று கேட்பார். அதே மனிதர்தான் ஸ்ரீ அரவிந்தரிடம் ஈடுபாடு கொண்டு மருத்துவமனைக்கே அவர் பெயரை வைத்தவர்; ஆன்மிக அன்பர்களிடம் சேவையையே சாதனையாகப் பேசியவர். 1992-இல் கண்வில்லை தயாரிக்க ஆரோலேப் என்ற அமைப்பைத் தொடங்கி, ஏறக்குறைய 100 டாலர் விலையில் இறக்குமதியான கண்வில்லையைச் சுமார் 10 டாலருக்குத் தந்தபோது, அந்தச் செய்தி தரச்சான்று அதிகாரிகளுக்கு ஒரு வடிவத்தில் போயிருக்கும், வாங்கும் மருத்துவமனைகளுக்கு இன்னொரு வடிவத்தில் போயிருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயியிடம் மெக்டொனால்ட்ஸ் பேச்சு வந்திருக்காது. அவருக்குத் தெரிய வேண்டியது சிகிச்சை முடிந்ததும் யார் தன்னை வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள் என்பது.

ஆளுக்கு ஒரு பேச்சு என்றால் அது இரட்டை நாக்கு ஆகாதா என்று மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. கூட்டம் பார்த்துப் பேசுகிறவன் என்பது நம் ஊரில் வசைச்சொல்தான். என் பதில் இது: செய்தி ஒன்றாக இருக்க வேண்டும், எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது, எந்த அளவு விரிகிறது என்பது மட்டும் மாறலாம். நன்கொடையாளருக்கு எழுதிய கடிதத்தை நோயாளியின் மகன் எடுத்துப் படித்தால் எழுதியவர் கூச வேண்டியிருக்குமா? பங்குதாரருக்குச் சொன்னதைத் தொழிலாளி கேட்டால் முகம் சுளிக்க வேண்டுமா? கூச்சமில்லை என்றால் அது அவையறிந்த பேச்சு. கூச்சம் வந்தால் அது ஏமாற்று. இதைவிட நுட்பமான அளவுகோல் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

அவையறிதல் என்றவுடன் வள்ளுவர் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த அதிகாரத்தை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். பொருட்பாலில், அமைச்சரின் வேலைகளைப் பேசுகிற இடத்தில் வைத்திருக்கிறார். தூது 69-ஆவது அதிகாரம், குறிப்பறிதல் 71, அவையறிதல் 72, அவையஞ்சாமை 73. இன்னொருவர் செய்தியைக் கொண்டுபோகிற வேலையில் தொடங்கி, எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பைப் படித்து, பிறகு அவையை அளந்து, அதன் பின் அஞ்சாமல் பேசுவது என்று அந்த வரிசை போகிறது. நாம் பள்ளியிலும் கல்லூரியிலும் அவையஞ்சாமைக்கு மட்டும் பரிசு கொடுக்கிறோம். மேடை ஏறி நடுங்காமல் பேசினால் கைதட்டு. குறிப்பறிதலுக்குப் போட்டியும் இல்லை, கோப்பையும் இல்லை.

சந்தையில் இந்த அறிவு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிவதற்குள் மல்லிகை வந்து இறங்கிவிடும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல். முகூர்த்த நாளிலும் பனிக்காலத்திலும் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுவதும், வரத்து கூடிய நாளில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் இறங்குவதும் உங்களுக்குத் தெரியும். அங்கே கமிஷன் கடைக்காரர் விவசாயிக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். எடை, விலை, கமிஷன், முன்பணத்தில் பிடித்தது, கைக்கு வருவது. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. விவசாயியின் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். பிறகு மேலே ஏறி எடையைச் சரிபார்க்கும். அந்த இரண்டு எண்களும் கொட்டை எழுத்தில் இருக்கும். அதே காலை, அதே விலை, வெளியூர் வியாபாரிக்குப் போகும்போது வாட்ஸ்அப் குரல் பதிவாகிவிடுகிறது. ‘இன்னைக்கு வரத்து கம்மி, எட்டு மணிக்கு மேல ஏறும், இப்பவே சொல்லிருங்க’ என்கிற மாதிரி. வியாபாரிக்கு விலையைவிட விலையின் போக்கு முக்கியம். அதைக் குரலின் அவசரம் சொல்லிவிடும். மறுநாள் செய்தித்தாளில் வரும் விலைப்பட்டியல் இந்த இருவருக்கும் உதவாது. அது வீட்டில் இருந்து படிப்பவருக்கு. ஒரே எண் மூன்று வடிவத்தில் மூன்று பேரிடம் போகிறது. இதை யாரும் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. பெறுநர் எதிரில் நின்று முகம் சுளித்துச் சுளித்துக் கற்றுக்கொடுத்தது.

பெறுநர் எதிரில் நிற்காத இடத்தில்தான் கோளாறு. நகைக்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் விதைக்கும் உரத்துக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போகும். சில நேரம் அதுவும் போகும். எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்றுக்கு வந்த ஏல அறிவிப்பை நான் படித்திருக்கிறேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே வாசகம்தான். கடன் எண், கிளை எண், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்று முதல் பத்தி. ஏற்கெனவே அனுப்பிய நினைவூட்டல்களின் தேதிகள் இரண்டாவது பத்தி. ‘தவறும் பட்சத்தில்’, ‘மேற்படி அடமானப் பொருட்கள்’, ‘முன்னறிவிப்பின்றி’ என்று ஒரே வாக்கியம் ஏழு வரி ஓடுகிறது. ஏலம் என்று நடக்கும், எவ்வளவு கட்டினால் நிற்கும் என்ற இரண்டு செய்திகளும் அந்தத் தாளில் இருந்தன. தாளின் அடியில் இருந்தன. அந்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்தான் அதை உரக்கப் படித்தாள். நடுவிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. ‘நகை போயிருச்சா, இன்னும் இருக்கா?’ என்று அவள் அம்மா கேட்டார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தாளை எழுதியவர் மொழி தெரியாதவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் மிகச் சரியாக எழுதியிருந்தார், வேறொருவருக்கு. நாளைக்கு வழக்கு வந்தால் நீதிமன்றம் படிக்கும், தணிக்கையாளர் படிப்பார். முறைப்படி அறிவித்தோம் என்பதற்கு அது சான்று. சட்ட அறிவிப்பு என்ற வடிவத்துக்குள் குடியிருப்பவர் நீதிபதி. முகவரியில்தான் அந்த அம்மாவின் பெயர் இருந்தது. நகை ஏலத்துக்குச் செய்தித்தாளில் வரும் விளம்பரத்தையும் பாருங்கள். கடன் கணக்கு எண்கள் பத்தி பத்தியாகப் பக்கத்தை நிறைத்திருக்கும். ஏலம் எடுக்க வருகிறவருக்கு அந்த எண்கள் வேண்டியதில்லை. கடன் வாங்கியவருக்குத் தன் எண் மனப்பாடமாக இருக்காது. விதி கேட்கிறது, விளம்பரம் வருகிறது.

விதிகளை வகுப்பவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் தொடர்புகொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளில் பல காலமாக உள்ளது. 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரங்களை ஒரே அறிக்கையாகத் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்து ஆண்டுக்கு உண்மையில் என்ன விகிதம் ஆகிறது என்பது அதில் இருக்க வேண்டும். கடன்தாரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று அவரிடம் ஒப்புகை வாங்க வேண்டும். தங்கம், வெள்ளி அடகுக் கடன்களுக்காக 2025 ஜூனில் வந்த நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நிபந்தனைகளை ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்க வேண்டும். அந்தச் சாட்சி கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ஊழியராக இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். தாள் ஒன்றே போதாது, எதிரில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நம் பக்கத்து ஆளாக இருக்கக் கூடாது என்று ஒரு மைய வங்கி ஒப்புக்கொள்கிறது. சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் திண்ணைக்கு வந்து பேசியதன் நியாயமும் இதுதான். ஆனால் விதி வந்ததாலேயே எழுத்து மாறிவிடாது. ஆங்கிலத்தில் நீதிபதிக்காக எழுதிய வாசகத்தைத் தமிழில் பெயர்த்தால், தமிழ் தெரிந்த நீதிபதிக்கு எழுதியதாகத்தான் ஆகும். வரிசை மாற வேண்டும். நானே ஒன்றை எழுதிப் பார்த்தேன், படிக்கிறேன்.

‘அம்மா, நீங்கள் எங்களிடம் அடகு வைத்த இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும் இன்ன தேதி காலை இன்ன இடத்தில் ஏலத்துக்கு வருகின்றன. இன்று வரை உங்கள் நகை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. ஏலத்துக்கு முதல் நாள் மாலைக்குள் இவ்வளவு ரூபாய் கட்டினால் நகையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு முடியாவிட்டால், வட்டி இவ்வளவு கட்டி நகையைத் திருப்பி வைக்க வழி உண்டா என்று எங்கள் கிளையில் இன்னாரைக் கேளுங்கள். ஏலத்தில் உங்கள் கடனைவிடக் கூடுதலாகத் தொகை வந்தால் அந்த மீதி உங்களுக்குச் சேரும்.’

சட்டத்துக்கு வேண்டிய பிரிவுகளும் எண்களும் இதற்குக் கீழே வரட்டும், அல்லது மறுபக்கம் வரட்டும். நீதிபதி பொறுமையாகத் திருப்பிப் பார்ப்பார். அது அவர் வேலை. எட்டாம் வகுப்புப் பெண் முதல் வரியிலேயே அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுவாள். இப்படி எழுதினால் நிறுவனத்துக்கு நட்டம் என்று சிலர் சொல்வார்கள். கடன்தாரர் பணத்தைக் கட்டி நகையை மீட்டால் நிறுவனத்துக்கு வரவேண்டியது வந்துவிடுகிறது. ஏலச் செலவு இல்லை, அந்த வாடிக்கையாளரும் கைவிட்டுப் போவதில்லை. நட்டக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

குறுஞ்செய்தியிலும் இதே கதை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு, நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இடையில் எண்ணும் பெயரும் மட்டும் மாறும். மோசடியைத் தடுக்க அது அவசியம். அதனாலேயே பதிவு செய்யும் நாளில் ஒருவர் உட்கார்ந்து எழுதும் அந்த ஒரு வரி, லட்சக்கணக்கான கைகளுக்கு மாறாமல் போய்க்கொண்டே இருக்கும். ஓய்வூதியம் வரவு வைத்த செய்தி ஆங்கிலச் சுருக்கெழுத்தில் வந்தால், பெரியவர் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையனைத் தேடிப் போகிறார். பெரியவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தப் பையனுக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியை எழுதுகிறவர் நம் மாணவராக இருக்கலாம்.

ஆகவே இந்த அவையில் ஒரு வேண்டுகோளை வைத்துவிட்டு அமர்கிறேன். வணிகக் கடிதத் தேர்வில் ‘ஒரு புகார்க் கடிதம் வரைக’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே செய்தியைக் கொடுத்து, மூன்று பெறுநரைக் கொடுத்து எழுதச் சொல்லலாம். கடன் வட்டி மாறுகிறது என்பது செய்தி. பெறுநர் மேலூரில் ஒரு நெல் விவசாயி, கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரி, மும்பையில் தலைமையகத்தின் தணிக்கைத் துறை. விடைத்தாளைப் பேராசிரியர் திருத்துவதற்கு முன் முதல் கடிதத்தை ஒரு விவசாயியிடம் மாணவரே வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொண்டு வர வேண்டும். எந்த வரியில் நிறுத்தி ‘என்ன சொல்றீங்க?’ என்று கேட்டார் என்பதற்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். மாணவிகள் போகும்போது வீட்டுப் பெண்களிடமும் தனியாக வாசித்துக் காட்டட்டும். 1991-இன் ஆய்வு நமக்கு விட்டுவைத்த வேலை அது.

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை அடுத்த ஆண்டு என்னைப் போன்ற ஒருவர் நிகழ்த்துவதற்குப் பதிலாக, அந்தக் கேள்விகளைத் திரட்டி வந்த மாணவர்கள் இந்த மேடையில் படிக்க வேண்டும் என்று அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.